ஏலத்தில் எடுத்த ஒரு ஃபெல்ட் தொப்பி: உறைபெட்டியிலிருந்து விற்பனை வரை

பழைய ஃபெல்ட் (நெய்யாமல், உரோமத்தை அழுத்திப் பிணைத்துச் செய்த கெட்டித் துணி) தொப்பி ஒன்றை இணைய ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, அதே வழியில் விற்று முடித்ததன் பதிவு இது. தொப்பி என் கைக்கு வந்த நாளிலிருந்து புதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள் வரை ஏழு வாரம் ஆயிற்று. அதில் உண்மையாகக் கைவேலை செய்தது பதினொரு மணி நேரம். மற்ற நாள்கள் உறைய வைப்பதிலும், உலர விடுவதிலும், தோல் வந்து சேரக் காத்திருந்ததிலும் போயின. வேலை நடந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததால், எங்கே தவறினேன் என்பதையும் அப்படியே சொல்ல முடிகிறது.

முதலில் சில பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்கிறேன். தலையை மூடும் பகுதியைக் கூடு என்றும், அதைச் சுற்றி வெளியே நீளும் பகுதியை விளிம்பு என்றும் சொல்கிறேன். கூட்டின் உட்புறத்தில், நெற்றியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி தைக்கப்பட்ட தோல் வாரை வியர்வைப் பட்டை என்கிறேன். பழைய தொப்பியின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தப் பட்டைதான் என்பது என் அனுபவம். ஃபெல்ட் அழுக்கேறியிருந்தால் துலக்கலாம். நசுங்கியிருந்தால் நீராவியில் நிமிர்த்தலாம். தோல் காய்ந்து வெடித்துவிட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. ஆனால் ஏலத் தளங்களில் தொப்பி விற்பவர்களில் பலர் வெளிப்புறத்தையே நான்கு கோணங்களில் படமெடுத்துப் போடுகிறார்கள். உட்புறத்துக்கு ஒரு படம் இருந்தாலே பெரிது.

இந்தத் தொப்பிக்கு அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. விற்பவர் அதற்குத் "தாத்தாவின் பழைய கௌபாய் தொப்பி, சாம்பல் நிறம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார். பார்த்தவுடனேயே அது கௌபாய் தொப்பி இல்லை, நகரத்தில் கோட்டுடன் அணியும் ஃபெடோரா என்பது தெரிந்தது. இப்படித் தவறான தலைப்போடு வரும் பொருள்களைத் தேடுவது எனக்குப் பழக்கம். ஃபெடோரா என்றும், ஸ்டெட்சன் என்ற தயாரிப்பாளர் பெயரை வைத்தும் தேடுகிறவர்கள் கண்ணில் அவை படுவதில்லை. "பழைய தொப்பி", "அப்பாவின் தொப்பி" என்பன போன்ற பொதுச் சொற்களையும், தயாரிப்பாளர் பெயர்களின் எழுத்துப் பிழைகளையும் வைத்துத் தேடினால் அவ்வப்போது நல்ல தொப்பி அகப்படுகிறது.

உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பட்டையில் பொன்னிற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஸ்டெட்சன் முத்திரை, அதன் கீழே "ராயல் டீலக்ஸ்" என்ற தரப் பெயர், எதிர்ப்பக்கத்தில் தொப்பியை முதலில் விற்ற கடையின் பெயர். ஸ்டெட்சன் 1865இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட நிறுவனம். அந்த நகரத் தொழிற்சாலையில் தொப்பி செய்வது 1971இல் நின்றுபோனது. எனவே முத்திரையை மட்டும் வைத்துக் காலத்தை நெருங்கிச் சொல்ல முடியாது. எனக்கு உதவியது கடையின் முகவரிதான். ஊர்ப் பெயருக்கும் மாநிலப் பெயருக்கும் நடுவில் 3 என்ற ஒற்றை எண் இருந்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் அஞ்சல் மண்டல எண்கள் 1943இல் வந்தன. 1963இல் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அந்த ஒற்றை எண் இருக்கும் தொப்பி அந்த இருபது ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பழைய தொப்பி வாங்குகிறவர்களில் பலர் கடை முகவரியைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் முதல் சான்று.

காலத்தை அறிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக மட்டும் அன்று. முயல், பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) ஆகியவற்றின் உரோமத்தை ஃபெல்ட்டாக்குவதற்கு முன் அதைப் பாதரச நைட்ரேட்டில் ஊறவைக்கும் முறை நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அந்தக் கரைசல் உரோமத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் கைகால்கள் நடுங்கின. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரின் பெயரால் அதை "டான்பரி நடுக்கம்" என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் ஃபெல்ட் தொழிலில் பாதரசம் 1941 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. 1943க்குப் பிந்தியது என்று முகவரி சொன்னதால்தான் நீராவி காட்ட வேண்டிய இந்தத் தொப்பியை ஏலத்தில் கேட்கத் துணிந்தேன். அதற்கு முந்திய உரோமத் தொப்பிகளை நான் நீராவிக்கு அருகில் கொண்டுபோவதில்லை. கையுறை போட்டுத் தூசி தட்டி, இருந்தபடியே விற்றுவிடுவேன்.

ஏலம் முடிய நான்கு நாள் இருந்தபோது விற்பவருக்கு எழுதி மூன்று படங்கள் கேட்டேன். பட்டையை வெளியே புரட்டிவிட்டு ஒன்று, தொப்பியை விளக்குக்கு எதிரே பிடித்துக் கூட்டின் உள்ளிருந்து ஒன்று, உட்புறத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளவுகோலோடு காட்டி ஒன்று. விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்துப்பூச்சி போட்ட துளை ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிந்துவிடும். அவர் முதல் படத்தையும் மூன்றாம் படத்தையும் அனுப்பினார். விளக்குப் படம் வரவில்லை. வராத படத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்று எடுத்துக்கொண்டு, துளை இருக்கும் என்ற கணக்கிலேயே விலையை யோசித்தேன்.

அளவுகோல் படம்தான் மிக முக்கியமானது. உட்புற நீளம் 19.9 செ.மீ., அகலம் 16.6 செ.மீ. இரண்டின் சராசரி 18.25, அதை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு 57.3 செ.மீ. அமெரிக்கத் தொப்பி அளவு என்பது இந்தச் சராசரி விட்டத்தை அங்குலத்தில் சொல்வதுதான், 57 செ.மீ. என்றால் 7 1/8, நம் வாய்க்கணக்கில் ஏழே அரைக்கால். (அதே தலைக்குப் பிரிட்டிஷ் அளவு ஓர் அரைக்கால் குறைவாக 7 என்று வரும், இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.) ஆனால் பட்டையின் பின்னே இருந்த சிறு காகிதச் சீட்டில் 7 3/8, அதாவது 59 செ.மீ. என்று அச்சாகியிருந்தது. சீட்டுக்கும் அளவுகோலுக்கும் இடையே ஒன்றே முக்கால் செ.மீ. வேறுபாடு இருந்தால் தோல் சுருங்கி ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்திருக்கிறது என்று பொருள். அப்படிச் சுருங்கிய தொப்பியின் கூடு அடியில் குறுகி, பக்கவாட்டில் பார்க்கும்போது நிமிர்த்தி வைத்த வாளிபோல் மேலே அகன்று நிற்கும். முதல் படத்தை மறுபடி பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் நின்றது.

எவ்வளவு வரை கேட்பது என்பதை எப்போதும் பின்னாலிருந்து கணக்கிடுகிறேன். இதே தரம், இதே விளிம்பு அகலம், 59 அளவில், பட்டை மாற்றப்பட்ட தொப்பிகள் கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று முடிந்த ஏலங்களில் பார்ப்பேன். விற்காமல் கிடக்கும் பொருள்களுக்கு விற்பவர்கள் போட்டிருக்கும் விலை வெறும் ஆசை. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிடைத்த சராசரியிலிருந்து தளத்தின் கட்டணம், தொப்பி எனக்கு வரும் அனுப்புச் செலவு, புதிய தோல், நூல் எல்லாவற்றையும் கழித்து, மீதியில் பாதியை என் உச்சவரம்பாக வைத்துக்கொள்வேன். அந்தத் தொகையை ஏலம் முடிய ஏழு நொடி இருக்கும்போது ஒரே முறை பதிந்தேன். தானியங்கி முறையில் கேட்கும் தளங்களில், நாம் பதியும் உச்சத்தொகை முழுவதும் வெளியே தெரியாது. அடுத்தவர் தொகையைவிட ஒரு படி மட்டும் கூட்டி நம் சார்பில் தளமே கேட்கும். ஆனாலும் நாள் கணக்கில் முன்னதாகப் பதிந்தால் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து நம் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். கடைசி நொடியில் கேட்டால் அந்தச் சோதனைக்கு நேரம் இருக்காது. என் வரம்பில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குத் தொப்பி கிடைத்தது.

அதே விற்பவரிடம் பெண்கள் அணியும் சிறு தொப்பி ஒன்றும் ஏலத்தில் இருந்தது. கருப்பு வெல்வெட்டில் வெண்ணிறக் கொக்கு இறகுகள் செருகியது. பார்க்க அழகாக இருந்தது, கேட்கவில்லை. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அத்தகைய இறகுகளை அமெரிக்காவில் விற்பதற்குத் தடை இருக்கிறது, தொப்பி எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதற்கு விலக்கு இல்லை. தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலத்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவு அந்தச் சட்டம். அதன் நோக்கம் எனக்கும் உடன்பாடே. விற்பனைக்கு வைத்திருந்தவருக்கு அதை மரியாதையாக எழுதித் தெரிவித்தேன். மறுநாள் பதிவை எடுத்துவிட்டார்.

தொப்பி ஒரு நெகிழிப் பையில், பெட்டியே இல்லாமல் வந்தது. கூடு ஒரு பக்கமாக அமுங்கி, விளிம்பின் முன்புறம் மடிந்திருந்தது. உரோம ஃபெல்ட் என்பதால் அதற்காகக் கவலைப்படவில்லை. பிரித்தவுடன் படமெடுத்துவிட்டு, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே, கூட்டின் இடப்பக்கம், அதன் அடியை வெளியே சுற்றியிருக்கும் ரிப்பனுக்கு மேலே ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. விளிம்பின் மேற்பரப்பில் அந்துப்புழு மேய்ந்த இரண்டு தடங்கள், ஒவ்வொன்றும் நெல்மணி நீளம். பட்டையைப் புரட்டியபோது அதன் பின்னால் தொழிற்சங்கச் சீட்டு ஒட்டியிருந்தது. தொப்பித் தொழிலாளர் சங்கமும், குல்லாய், பெண்கள் தொப்பித் தொழிலாளர்களின் சங்கமும் 1934இல் இணைந்த பிறகு வந்த பெயர் அதில் இருந்தது. கடை முகவரி சொன்ன காலத்தோடு அது முரண்படவில்லை.

அந்துப்பூச்சித் தடம் இருந்தால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் உறைய வைக்க வேண்டும். தொப்பியை மெல்லிய தாளில் சுற்றி, நெகிழிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, −18 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த ஃபெல்ட்டில் அறைக் காற்றின் ஈரம் படிந்தால் வியர்வைக் கறை மேலும் பரவும். பை மூடியிருந்தால் அந்த ஈரம் பையின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடும். பையைப் பிரித்தபோது தாளின் மேல் மணல்போலச் சில துகள்களும், புழு கட்டிய பட்டுக்கூட்டின் கிழிந்த துண்டு ஒன்றும் கிடந்தன.

அடுத்து பிரிக்கும் வேலை. ரிப்பனை முதலில் எடுத்தேன். அதன் முடிச்சை அவிழ்க்கவில்லை. பழைய தொழிற்சாலை முடிச்சின் மடிப்புகளைத் திரும்ப அதேபோல் போடும் கைத்திறன் எனக்கு இல்லை என்பதால், முடிச்சுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நான்கு தையல்களை மட்டும் வெட்டி ரிப்பனை வளையமாகவே கழற்றினேன். ரிப்பன் இருந்த இடத்தில் ஃபெல்ட்டின் உண்மை நிறம் தெரிந்தது. வெளியே நாம் பார்த்த வெளிர்சாம்பல், வெயிலும் தூசியும் ஏற்றிய நிறம்; அடியில் இருந்ததோ மழைமேகத்தின் கருமையோடு, லேசான நீலச் சாயலும் கலந்த சாம்பல். அந்த இடத்தின் மேல் ஓரத்தில், முன்புறத்தில், வியர்வைக் கறை மலைத்தொடர் போல ஏறி இறங்கி ஓடியது.

வியர்வைப் பட்டையைப் பிரிப்பதற்கு முன் ஒரு பழைய தவறைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய தொப்பியில் பட்டை நன்றாகவே இருந்தது. கொஞ்சம் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். விளிம்பை நிமிர்த்துவதற்காகத் தொப்பியைக் கெட்டிலின் நீராவியில் காட்டினேன், பட்டையை வெளியே புரட்டிவிடாமல். அரை நிமிடத்தில் தோல் என் கண் முன்னாலேயே உள்வாங்கி, தீயில் காட்டிய இலைபோல் சுருண்டு, தையலோடு பிய்ந்தது. நல்ல தோல் நீராவியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பல பத்தாண்டு வியர்வையில் நலிந்த தோலுக்கு அந்தத் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்துபோயிருக்கும். அந்தத் தொப்பியைத் தந்தவருக்கு அது அவருடைய தந்தையின் தொப்பி. அன்றிலிருந்து, பட்டையைப் புரட்டாமல் நீராவியைத் தொடுவதில்லை. புரட்டினாலும் ஈரத்துணியால் மூடிக்கொள்கிறேன்.

இந்தத் தொப்பியின் பட்டையைப் பாதுகாக்க வழியில்லை. நெற்றிப் பகுதியில் நான்கு இடங்களில் குறுக்கே வெடித்து, தொட்டால் சிவந்த தூளாக உதிர்ந்தது. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சேகரிப்பவர்களுக்குப் பொன்னெழுத்து உள்ள மூலப் பட்டைதான் தொப்பியின் பிறப்புச் சான்று. அதை எடுத்துவிட்டால் விலை குறையும். அணிய நினைப்பவருக்கோ அந்தப் பட்டையோடு தொப்பியால் பயன் இல்லை, மேலும் அது சுருங்கியிருக்கும் வரை கூட்டையும் 59க்கு மீட்க முடியாது. தொப்பி தலைக்காகச் செய்யப்பட்டது என்ற பக்கம்தான் நான் நிற்பது. பட்டையை மாற்றுவது, பழைய பட்டையை அதன் சீட்டுகளோடு காகித உறையில் போட்டுத் தொப்பியோடு அனுப்புவது, இரண்டையும் விற்பனைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்வது என்று தீர்மானித்தேன்.

பட்டையின் அடிவிளிம்பில், தோலுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே, மெல்லிய ஈர்க்கு ஒன்றை உள்ளே வைத்து மடித்த துணிவார் இருக்கும். இயந்திரத் தையல் அந்த வாரையும் ஃபெல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும். சவர அலகை அந்த இடுக்கில் நுழைத்து நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தேன். அவசரப்பட்டு இழுத்தால் ஃபெல்ட்டில் உள்ள துளைகள் கிழிந்துவிடும். அந்தத் துளைகள் எனக்குத் திரும்பவும் தேவை. பின்புற மையத்தில் சுண்ணாம்புக்கட்டியால் சிறு கோடிட்டுவிட்டு, துளைகளை எண்ணினேன்: நூற்றுப் பதினேழு. லைனிங்கும் அதோடு கழன்று வந்தது. அதைத் தட்டித் தூசி போக்கி எடுத்து வைத்தேன்.

துலக்கும் வேலையைத் திறந்த வெளியில் செய்தேன். முதலில் குதிரைமயிர்த் தூரிகையால், மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் வரும்படி உலர்ந்த நிலையில் துலக்கினேன். ஃபெல்ட்டின் மயிர்ப்படுகை அந்தத் திசையில்தான் படிந்திருக்கும். பிறகு எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் பெட்ரோலியத் திரவமான நாஃப்தாவில் முக்கி எடுத்தேன். அது பற்றி எரியக்கூடியது; கையுறையோடு, நெருப்போ மின்பொறியோ அண்டாத இடத்தில் மட்டுமே செய்யலாம், ஆவி முழுவதும் போகும்வரை தொப்பியை வீட்டுக்குள் எடுத்து வரவும் கூடாது. பத்து நிமிடத்தில் திரவம் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை புதிய திரவத்தில் முக்கியபோது நிறம் பாதியாகக் குறைந்தது. ஃபெல்ட் இதனால் சுருங்குவதில்லை, நிறமும் கரையவில்லை. முழுவதும் உலர இரண்டு நாள், வாசனை போக மேலும் மூன்று நாள்.

கறை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டின் வடிவத்தில் செய்த மரக்கட்டையான அச்சுக்கட்டையில் ஏற்றி நீராவி காட்டிய முதல் நாள், அதே மலைத்தொடர் ஒரு விரல் அகலம் உயரத்தில் மீண்டும் எழுந்து நின்றது. நாஃப்தா எண்ணெயைக் கரைத்ததே தவிர வியர்வையின் உப்பைத் தொடவில்லை. நீராவியின் ஈரம் பட்டதும் உப்பு கரைந்து, ஈரம் போன இடமெல்லாம் கூடவே போய், உலரும் ஓரத்தில் படிந்துவிட்டது. அதற்கு நான் கண்ட வழி பொறுமையானது. கறை உள்ள பகுதியை மட்டும் நீராவியில் நனைத்து, உடனே வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டு பக்கமும் வைத்து அழுத்தி ஈரத்தைத் துணிக்குள் இழுக்கச் செய்வது. துணியில் பழுப்பு வரி ஏறும். ஆறு முறை செய்தபின் வரி ஏறவில்லை. கடைசியாக முல்தானி மட்டித் தூளைத் தூவி, ஓர் இரவு விட்டுத் துலக்கினேன். ரிப்பன் மறைக்கும் எல்லைக்குள் ஒரு மங்கல் நிழல் மட்டும் மிஞ்சியது.

59 அளவு மரக்கட்டையில் கூட்டை ஏற்றுவதற்குள் கை வலித்துவிட்டது. பட்டை இல்லாத நிலையிலும் ஃபெல்ட்டின் வாய் 57.8தான் இருந்தது; இத்தனை ஆண்டு இறுக்கம் அதற்குப் பழகிப்போயிருந்தது. நீராவி காட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து, கூடும் விளிம்பும் சேரும் மூட்டில் பருத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். ஒரே பக்கத்தை வேகமாக இழுத்தால் அந்தப் பக்கம் மெலிந்துபோகும். ஒரு நாள் முழுவதும் கட்டையிலேயே உலரவிட்டேன். விளிம்பைத் தட்டைப் பலகையில் வைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, முன்புறம் கீழே சாயும் வளைவைப் பிறகு கையாலேயே கொடுத்தேன்.

விளிம்பில் புழு மேய்ந்த இரண்டு தடங்களையும் 400 எண் உப்புத்தாளால் சுற்றிலும் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தினேன். பத்துத் தேய்ப்புக்கு ஒரு முறை நிறுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது நல்லது. ஃபெல்ட்டின் கனத்தை இழந்தால் திரும்பாது. கூட்டில் இருந்த ஊசித்துளையைத் தொடவில்லை. ஃபெல்ட் தூளையும் பசையையும் கலந்து அடைக்கும் வழக்கம் உண்டு. அடைத்த இடம் கெட்டியாகி, விரலுக்குத் தனியாகத் தெரிகிறது, பின்னால் வருபவருக்கு அது மறைத்ததாகவும் தோன்றும். அணிந்தால் கண்ணுக்குத் தெரியாத துளையை அப்படியே விட்டுவிட்டு, படமெடுத்துக் காட்டுவது மேல்.

புதிய பட்டையைத் தைக்க நான்கு மணி நேரம் ஆனது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஈர்க்கு வைத்த 59 அளவுத் தோல்பட்டை. முதலில் பின்புற மையம், முன்புற மையம், இரண்டு பக்கங்கள் என நான்கு இடத்தில் கவ்விகளால் பிடித்துவிட்டு, பின்புறத்திலிருந்து தொடங்கினேன். ஊசி உள்ளிருந்து துணிவாரைக் குத்தி, ஃபெல்ட்டின் பழைய துளையில் வெளியே வர வேண்டும். பழைய துளையில் ஊசி சரியாக நுழையும்போது எதிர்ப்பே இருக்காது. கொஞ்சம் தள்ளிப்போனால் ஃபெல்ட் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை உணர்ந்ததும் பின்வாங்கி, மறுபடி தேடுவேன். முப்பது துளைக்குப் பிறகு கண்ணால் தேடவேண்டிய தேவை இல்லாமல் விரலே இடத்தைக் கண்டுபிடித்தது. நூற்றுப் பதினேழாம் துளைக்கு வந்தபோது தோல் ஓர் ஈர்க்கு அளவுகூட மிச்சமில்லாமல் மூட்டோடு மூட்டாகச் சேர்ந்தது. வெளியே தெரியும் தையலை ரிப்பன் மறைத்துவிடும். ரிப்பனைக் கழுவவில்லை, ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் வைத்துப் பார்த்தபோதே சாயம் இறங்கியது. அதை முடிச்சோடு அப்படியே திரும்ப ஏற்றி, அதே நான்கு தையல் போட்டேன்.

விற்பனைப் பதிவுக்குப் பதினான்கு படங்கள் எடுத்தேன், எல்லாம் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில். முதல் படம் பக்கவாட்டுத் தோற்றம், இரண்டாவது உட்புறம். மூன்றாவது, எனக்கு வராமல் போன அந்தப் படம்: தொப்பியை விளக்குக்கு எதிரே பிடித்து, ஒற்றை வெளிச்சப் புள்ளி தெரியும்படி. பழைய பட்டையையும் சீட்டுகளையும் விரித்து வைத்து ஒரு படம். விவரத்தில் உட்புறச் சுற்றளவு 59 செ.மீ., விளிம்பு அகலம், கூட்டின் உயரம், அமெரிக்க அளவு, பட்டை மாற்றப்பட்டது, துளை எங்கே, கறையின் நிழல் எங்கே, உறைய வைத்த நாள்கள் எத்தனை என்று எழுதினேன். காலத்தை 1943க்கும் 1963க்கும் இடையே என்று எழுதி, அப்படிச் சொல்வதற்கான காரணத்தையும் சேர்த்தேன். நிறையப் பேர் "1940கள்" என்று ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். காரணம் சொல்லாத காலத்தை நான் வாங்கும்போது நம்புவதில்லை, விற்கும்போது எழுதுவதும் இல்லை.

குறைகளை முன்னே வைத்தால் கேட்பவர்கள் குறைவார்கள் என்ற அச்சம் தொடக்கத்தில் எனக்கும் இருந்தது. இந்த ஏலத்தில் ஐந்து பேர் கேட்டார்கள். ஒருவர் மட்டும் முன்கூட்டியே எழுதி, புதிய பட்டையில் ஈர்க்கு இருக்கிறதா, தையல் பழைய துளையில் போனதா என்று விசாரித்தார். தையலின் அருகிலிருந்து எடுத்த படத்தை அனுப்பினேன். கடைசி எட்டு நொடியில் இருவர் மாறி மாறி ஏற்றியதில், நான் கொடுத்ததைப் போல 2.6 மடங்குக்குப் போயிற்று. நான் கொடுத்த விலையை ஒன்று என்று வைத்தால், தொப்பி என்னிடம் வந்த அனுப்புச் செலவு 0.4, தோலும் மற்றவையும் 0.3, தளத்தின் கட்டணம் 0.34. கையில் நின்றது 0.56. பதினொரு மணி நேரத்துக்கு அது பெரிய கூலி ஆகாது என்பதையும் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுப்புவதில் எடையைவிடக் கொள்ளளவே செலவை ஏற்றுகிறது. தொப்பி நூற்றைம்பது கிராம்கூட இல்லை. ஆனால் 40, 36, 22 செ.மீ. பெட்டியில் வைத்தால், கூரியர் நிறுவனங்கள் பல செய்வதுபோல மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுக்கும்போது அது 6.3 கிலோவாகக் கணக்காகிவிடும். அதற்காகப் பெட்டியைச் சிறிதாக்க நினைக்கக் கூடாது. கூட்டைவிடச் சற்றே அகலமும் உயரமும் கூடிய அட்டை வளையம் செய்து, தொப்பியைக் கவிழ்த்து அதற்குள் இறக்கினேன். விளிம்பின் வேர்ப்பகுதி வளையத்தின் மேல் அமர்ந்துகொள்ள, கூடு தரையைத் தொடாமல் தொங்கியது. உள்ளே அமிலமற்ற மெல்லிய தாளைத் தளர்வாக நிரப்பினேன். இறுக அடைத்தால் கூட்டின் வடிவம் கெடும். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் அடைத்தேன். காகித உறை வளையத்தின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டுப் போயிற்று.

ஒன்பது நாள் கழித்து, வாங்கியவர், அதாவது தையலைப் பற்றிக் கேட்ட அதே மனிதர், எழுதியிருந்தார். தொப்பி தலையில் சரியாக அமர்ந்ததாம். பழைய பட்டையின் பொன்னெழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, அதை உறையோடு மடித்து லைனிங்குக்குப் பின்னால், கூட்டின் உச்சியில் செருகி வைத்திருப்பதாகவும், அணியும்போது அது உறுத்தவில்லை என்றும் தெரிவித்தார். தோல் உதிர்ந்த தூள் லைனிங்கில் கறை ஏற்றும் என்பதால், காகித உறையை ஒரு பருத்திப் பைக்குள் போட்டு வைக்கும்படி அவருக்குப் பதில் எழுதினேன்.